ஊட்டியில் ‘இறங்கலாம், ஏறலாம்’ பாஸ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சீசன் நேரத்தில் ஊட்டிக்குப் போகிறவர்களிடம் ‘டே பாஸ் ஷட்டில்’ என்று ஒன்றை விற்கிறார்கள். விடுதி வரவேற்பறையில் நோட்டீஸ் இருக்கும், வாட்ஸ்அப்பிலும் வரும். ஆளுக்கு 400 ரூபாய். காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணி வரை தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, பைக்காரா என்று எங்கு வேண்டுமானாலும் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாமாம். அரை மணிக்கு ஒரு வண்டி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். வீட்டில் ஐந்து பேர், 2,000 ரூபாய் கட்டினோம்.

நடத்துகிறவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயர் தெரிந்தாலும் பெரிய பயனில்லை. அடுத்த சீசனுக்கு வேறு போர்டு மாட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இது விலைபோவதற்குக் காரணம் இருக்கிறது. நீலகிரிக்குள் வர வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. அதற்குப் பிறகும் சீசனில் ஊருக்கு நடுவே இருக்கிற சேரிங்கிராஸ் சந்திப்பைத் தாண்டுவதற்குள் பாதிப் பொழுது போய்விடும், காரை நிறுத்த இடம் கிடைக்காது. “வண்டிய ரூம்லயே விட்டுருங்க சார், நாங்க சுத்திக் காட்டுறோம்” என்கிறபோது யாருக்கும் சரி என்றுதான் தோன்றும். (இதே ஆட்கள் கிளம்பும் முன்பே இ-பாஸ் எடுத்துத் தர 150 ரூபாய் கேட்டார்கள். இ-பாஸ் இலவசம், அரசு இணையதளத்தில் நாமே எடுக்கலாம்.)

காலையில் முதல் வண்டி சரியாகத்தான் வந்தது. தாவரவியல் பூங்கா வாசலில் இறக்கிவிட்டார்கள். 1848-ல் தொடங்கிய பூங்கா, நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். பார்த்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் கூத்து. ஷட்டில் எங்கே நிற்கும் என்று ஒரு பலகைகூட இல்லை. போன் செய்தால் “பத்தே நிமிஷம் சார்”. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். ஒரு வேன் வந்தது, உள்ளே ஆட்கள் நிறைந்திருந்தார்கள், நிற்காமலே போனது. அம்மாவுக்கு முழங்கால் வலி, நடைபாதை ஓரத்தில் உட்கார வைத்தோம்.

அடுத்து வந்த வேனை மறித்து நிறுத்த வேண்டியிருந்தது. “பாஸ் ஆளுங்களா? இது புக்கிங் ட்ரிப் சார், சரி ஏறுங்க” என்று ஏதோ சலுகை தருவது போல ஏற்றிக்கொண்டார் டிரைவர். வண்டி நேராகப் போய் நின்ற இடம் ஒரு சாக்லேட், டீத்தூள் கடை. பட்டியலில் அப்படி ஓர் இடமே கிடையாது. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றது. “அண்ணே, தொட்டபெட்டா எப்போ போவீங்க?” என்று என் மனைவி கேட்டதற்கு, “வாங்குறவங்க வாங்கட்டும்மா, அவசரம் என்ன?” என்றார்.

தொட்டபெட்டாவும் தொட்டபெட்டா இல்லை. 2,637 மீட்டர் உயரச் சிகரம் என்று நோட்டீஸில் படம் போட்டவர்கள், கோத்தகிரி சாலை பிரிவிலேயே இறக்கிவிட்டார்கள். “மேல வண்டி போகாது, ஜீப் புடிச்சுக்கங்க.” ஜீப்புக்குத் தனிக் காசு. திரும்பிக் கீழே வந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது, ஷட்டிலைக் காணோம், போனையும் எடுக்கவில்லை. மே மாதம் என்றாலும் அந்த நேரத்தில் அங்கே பனிமூட்டமும் குளிரும் இறங்கிவிடும். கடைசியில் ஓர் உள்ளூர் டாக்ஸிக்கு 800 ரூபாய் கொடுத்து விடுதிக்கு வந்து சேர்ந்தோம்.

அந்த டாக்ஸிக்காரர்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார். “பைக்காரா கூடலூர் ரோட்டுல இருக்கு சார், தொட்டபெட்டா கோத்தகிரி ரோட்டுல. ரெண்டையும் ஒரே வண்டி எப்படிச் சுத்தும்?” கணக்குப் போட்டுப் பாருங்கள். பைக்காரா மட்டுமே ஊரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் போய்த் திரும்ப, சீசன் நெரிசலில் நான்கு மணி நேரமாவது ஆகும். அரை மணிக்கு ஒரு வண்டி வர வேண்டுமென்றால் குறைந்தது எட்டு வண்டிகள் ஓட வேண்டும். நாங்கள் நாள் முழுக்கப் பார்த்தவை இரண்டே வேன்கள்தான். விற்கிறவரிடம் “மொத்தம் எத்தனை வண்டி ஓடுகிறது?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடலாம்.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சுற்றுலா வேன் என்பது கான்ட்ராக்ட் கேரியேஜ். மொத்தமாகப் பேசி அமர்த்திய ஆட்களை ஏற்றிக்கொண்டு போகலாமே தவிர, வழியில் நிற்கிறவர்களைத் தனித்தனிக் கட்டணத்துக்கு ஏற்றி இறக்க முடியாது. அது பஸ்ஸுக்குரிய ஸ்டேஜ் கேரியேஜ் பர்மிட்டில் செய்ய வேண்டிய வேலை. அதாவது நம்மிடம் எதைச் சொல்லிக் காசு வாங்குகிறார்களோ, அதையே செய்ய அந்த வேனுக்கு அனுமதி இல்லை. இதில் எங்களுக்கு வந்த முதல் வண்டி வெள்ளை நம்பர் பிளேட், சொந்த உபயோக வண்டி! வாடகை வண்டி என்றால் மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும்.

கோடை சீசனில் அரசுப் போக்குவரத்துக் கழகமே ஊட்டியில் சுற்றுப் பேருந்து (சர்க்யூட் பஸ்) விடுகிறது. ஒரு டிக்கெட்டில் முக்கியமான இடங்களில் இறங்கி ஏறலாம், கட்டணமும் நாங்கள் கொடுத்ததைவிட மிகக் குறைவு. தனியார் நோட்டீஸில் ‘சர்க்யூட்’ என்ற வார்த்தை பெரிதாக இருப்பதால், விடுதியில் தங்கியிருந்த வேறு சிலர் இதுதான் அரசு பஸ் என்றே நினைத்திருந்தார்கள். அரசு டிக்கெட்டைக் கண்டக்டர்தான் தருவார், ரிசப்ஷனில் இருக்கிற பையன் தர மாட்டான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். “காலையில ஏறிட்டீங்கல்ல, பாஸ் யூஸ் ஆயிடுச்சு” என்று பதில் வந்தது. விடுதியில் கேட்டால் தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். ரசீது என்று வாட்ஸ்அப்பில் வந்ததோ வெறும் படம், ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, வண்டி எண்ணும் இல்லை. ஜிபே பணம் போனது ஒரு தனியாளின் பெயருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவு செய்தேன். அதற்குப் பிறகு பாதிப் பணம் தருகிறோம், கூகுளில் போட்ட ரிவியூவை எடுத்துவிடுங்கள் என்று பேசினார்கள். நான் எடுக்கவில்லை, பணமும் வரவில்லை.

இதே பாஸில் மாட்டியவர்கள் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், நோட்டீஸ், வேன் நம்பர் பிளேட் போட்டோ எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நான் அடுத்து அங்கேதான் போகிறேன்.