சாலைக்குக் கிராவல் கொட்ட ஒப்பந்தம் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஏழு வீடுகளுக்குப் பொதுவான அறுநூறு மீட்டர் மண் சாலையைச் சீரமைப்பதற்காக நாங்கள் கூட்டாகப் பணம் சேர்த்து ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தோம். வேலை முடிந்துவிட்டதாகச் சொல்லி அவர் முழுத் தொகையையும் பெற்றுச் சென்ற பதினெட்டாம் நாள் மழை பெய்தது. அன்று மாலைக்குள் சாலையின் வளைவுப் பகுதி முழங்கால் ஆழத்துக்கு அரித்துப் போயிற்று. அவர் செய்த குறைகளில் பெரும்பாலானவை மழைக்கு முன்பே எங்கள் கண்ணெதிரில்தான் இருந்தன. எதைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாமல் போனதுதான் அவருக்கு வசதியாயிற்று. வேறு யாருக்கும் இது நேரக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

சாலையைப் பார்வையிட அவர் வந்த நாளில், மேட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீர் எங்கே போகும் என்று நான் கேட்டேன். “அது தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும், நல்ல கிராவல் போட்டால் சாலை அசையாது” என்றார். பேச்சை அந்த இடத்திலேயே முறித்திருக்க வேண்டும். பழைய சாலை பழுதானதற்குக் காரணம் கிராவல் குறைந்தது அல்ல. தண்ணீர் சாலையை விட்டு இறங்க வழியில்லாமல் சாலையிலேயே ஓடியதுதான். அந்த வழியைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை லோடு கொட்டினாலும், அடுத்த மழைக்கு அது பள்ளத்தில்தான் கிடக்கும்.

கிராவல் சாலையின் நடுப்பகுதி ஓரங்களைவிட உயர்ந்திருக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரம் வரை நான்கு முதல் ஆறு சதவீதம் சரிவு இருந்தால்தான் மழைநீர் தேங்காமல் பக்கவாட்டில் வடியும். நான்கு மீட்டர் அகலச் சாலை என்றால் நடுமேடு குறைந்தது எட்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மழைக்குப் பிறகு, அரிக்காத ஒரு பகுதியில் ஓரத்துக்கு ஓரம் கயிறு கட்டி, ரசமட்டம் வைத்து அளந்து பார்த்தோம்: இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. இந்தச் சோதனைக்கு இரண்டு ஆட்களும் ஐந்து நிமிடமும் போதும். பணம் கொடுப்பதற்கு முன்பு அதை நாங்கள் செய்யவில்லை.

அதைவிடப் பெரிய தவறு சாலையோரத்தில் இருந்தது. இயந்திரத்தால் மட்டம் செய்தபோது ஒதுங்கிய மண்ணை அவர் அகற்றாமல் இருபுறமும் வரப்பு போல விட்டுவிட்டார். பார்ப்பதற்குக் கரை கட்டியது போல் அழகாக இருந்ததால் நாங்கள் அதைப் பாராட்டவும் செய்தோம். மழை தொடங்கியதும் குடையோடு அங்கே நின்று பார்த்தேன். ஓரத்துக்கு வந்த தண்ணீர் அந்த வரப்பைத் தாண்ட முடியாமல் திரும்பி, சக்கரத் தடத்தில் இறங்கிச் சரிவோடு ஓடத் தொடங்கியது. முதலில் களிமண் கரைந்து நீர் கலங்கிற்று, அதன் பின்னால் மணல் நகர்ந்தது, சிறிது நேரத்தில் கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் ஓசை கேட்டது. ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அது அடிமண்ணை இழுக்கும் விசை ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதை, சரிவு கூடும் அந்த வளைவில் கண்ணால் கண்டேன்.

பக்கக் கால்வாயும் அப்படித்தான். முன்பு அதில் அடர்ந்த புல் இருந்தது. கால்வாயைத் தூர்வாருகிறேன் என்று சொல்லி, புல்லை வேரோடு சுரண்டி, அடிப்பகுதி கூராக முடியும் ஆழமான பள்ளமாக வெட்டிவிட்டார். கூரான அடியில் தண்ணீர் ஒடுங்கி வேகமெடுக்கும். அகன்று தட்டையான அடியில்தான் பரவி நிதானமாக ஓடும். ஐந்து சதவீதம் வரையிலான சரிவில் புல்லே பெரும்பாலும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், அதற்கு மேல் கல் பாவ வேண்டும். எங்கள் கால்வாயில் இப்போது புல்லும் இல்லை, கல்லும் இல்லை. போதாக்குறைக்கு, அறுநூறு மீட்டருக்கும் இடையில் ஓர் இடத்தில்கூடத் தண்ணீரைப் பக்கத்துப் புல்தரைக்குத் திருப்பிவிடும் கிளை வாய்க்கால் அமைக்காததால், மொத்த நீரும் சேர்ந்து, கடைசியில் சாலைக்கு அடியில் தண்ணீரை மறுபுறம் கடத்தும் குழாய் மதகில் வந்து முட்டியது.

குழாய் விஷயத்தை ஏமாற்று என்றுதான் சொல்ல வேண்டும். பேசியது 450 மில்லிமீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குழாய். நாங்கள் யாரும் இல்லாத நாளில் பதித்து, இரு முனைகளையும் கல்லால் அடைத்தாற்போல் மூடியிருந்தார். மழையில் மண் அடித்துச் செல்லப்பட்டுக் குழாய் வெளியே தெரிந்த பிறகு அளந்தால், உள்விட்டம் 300 மில்லிமீட்டர். விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனால் அதே சரிவில் குழாய் வெளியேற்றக்கூடிய நீரோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. மிஞ்சிய நீர் சாலைக்கு மேலேறி மறுபுறம் விழுந்தது. குழாயின் வெளிவாயில் கற்படுக்கை எதுவும் இல்லாததால் அங்கே ஓர் ஆள் இறங்கும் குழி விழுந்து, அந்த மண் முழுவதும் கீழே உள்ளவரின் நிலத்தில் போய்ப் படிந்தது. எங்கள் பணம் போனதைவிட, எந்தச் சம்பந்தமும் இல்லாத அவருடைய விளைச்சல் சேற்றில் புதைந்ததுதான் எனக்கு இன்றும் வேதனை.

கிராவலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உருண்டைக் கற்களும் கழுவிய மணலும் ஒன்றையொன்று பிடிக்காது. உடைத்த கோணல் கற்களோடு ஓரளவு களிமண்ணும் கலந்திருக்க வேண்டும். ஈரமான கிராவலைக் கைப்பிடியில் இறுக்கித் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும்; எங்களுடையது விரலிடுக்கில் உதிர்ந்தது. அதையும் நீர் தெளித்து, பதினைந்து சென்டிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக ரோலரால் இறுக்காமல், ஒரே தடவையில் உலர்வாகக் கொட்டி, டிப்பர் லாரியை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுப் போய்விட்டார்.

தொலைபேசியில் கேட்டதற்கு, இயற்கைச் சீற்றத்துக்குத் தான் பொறுப்பில்லை என்றார். எங்கள் ஒப்பந்தத்தில் “சாலையைச் சீர்செய்து தருதல்” என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்ததால் அவரை மடக்க வழியில்லை. நீங்கள் எழுதும் ஒப்பந்தத்தில் நடுமேட்டின் உயரம், குழாயின் உள்விட்டம், அதன் மேல் இறுக்கிய மண்ணின் கனம், வெளிவாயில் கற்படுக்கையின் நீளம், கிளை வாய்க்கால்கள் அமையும் இடங்கள், வெட்டிய கால்வாயில் உடனே புல் விதைக்கும் பொறுப்பு ஆகிய அனைத்தும் அளவோடு இருக்கட்டும். குழாயை மூடும் முன் உங்களில் ஒருவர் அளந்து படமெடுக்கட்டும். தொகையில் ஒரு பகுதி, ஒரு கனமழை கடந்த பிறகே தரப்படும் என்ற வரியும் இருக்கட்டும். அந்தக் கடைசி வரிக்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இப்போது வேறொருவர் வேலை செய்கிறார். மழை பெய்துகொண்டிருக்கும்போதே வந்து, சாலையின் மேல்முனையிலிருந்து மதகு வரை நனைந்தபடி நடந்து பார்த்த பிறகுதான் மதிப்பீடு கொடுத்தார். அதில் கிராவல் கடைசி வரியில் இருந்தது. முதலில் அவர் செய்தது, அந்த ஓர வரப்புகளை வெட்டி எடுத்தது. பழைய ஒப்பந்தக்காரர் அருகிலுள்ள மற்றொரு சாலைக்கு மதிப்பீடு கொடுத்திருப்பதாக அறிந்து அங்குள்ளவர்களிடம் அதை வாங்கிப் பார்த்தேன். எத்தனை லோடு கிராவல் என்பது மட்டுமே அதிலும் எழுதியிருந்தது. எங்கள் அளவுகளையும் படங்களையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.