கம்யூனிட்டி காலேஜ் சீட்டுக்கு 1,450 டாலர் கொடுத்து ஏமாந்தேன், நீங்கள் கொடுத்துவிடாதீர்கள்

நேற்று மதியம்தான் எனக்கு முழுதாக விஷயம் புரிந்தது. இரவு தூக்கமே இல்லை, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட், சான்டா கிளாரா, சான் ஹோசே பக்கம் புதிதாகக் குடிவந்து கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) தேடுகிறவர்கள், முக்கியமாக ஹெச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) இருக்கும் பெண்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எதையெல்லாம் பார்த்துக் காலேஜைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

ஜூன் மாதம் கணவருக்கு வேலை மாற்றலாகி ஒஹாயோவிலிருந்து ஃப்ரீமான்ட் வந்தோம். நான் மதுரையில் மைக்ரோபயாலஜி படித்தவள். இங்கே நர்சிங் சேர வேண்டும் என்பது நாலு வருட ஆசை, அதற்கு முதலில் அனாடமி, பிசியாலஜி எல்லாம் லேபோடு முடித்தாக வேண்டும். எந்தக் காலேஜ், யாரிடம் கேட்பது, ஒன்றும் தெரியாது. அப்போதுதான் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஆலோசனை மையத்தின் விளம்பரம் வந்தது: புதிதாக வந்தவர்களுக்கு சீட் உறுதி, முதல் செமஸ்டரிலிருந்தே உள்ளூர்க் கட்டணம், அதாவது மாநிலவாசிகளுக்கான குறைந்த கட்டணம்.

போன் செய்தேன். எடுத்தவர் இரண்டாவது நிமிடத்திலேயே "நீங்க மதுரையாம்மா? பேச்சுலயே தெரியுதே. நமக்குத் தெப்பக்குளம்" என்றார். அங்கேதான் நான் விழுந்தேன். ஒஹாயோவில் கொலம்பஸில் இருந்த நாலு வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, ஊருக்கு எப்போது போனீர்கள் என்று அரை மணி நேரம் விசாரித்தார். போனை வைக்கும்போது நான் அவரை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். "தங்கச்சி, கவலையை விடு, எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன்" என்றார். சீட் பதிவுக்கு 400, உள்ளூர்க் கட்டணத்துக்கு மாற்ற 650, ஊர்ச் சான்றிதழை மதிப்பீடு செய்ய 400. மொத்தம் 1,450 டாலர். கார்டு வேண்டாம், வங்கியிலிருந்து நேராகத் தன் போன் நம்பருக்கு அனுப்பிவிடு என்றார். அனுப்பினேன். நான் விமானம் ஏறும்போது அப்பா கையில் வைத்து அழுத்திய பணம் அது.

ஜூலை முழுவதும் "வேலை நடக்குது". ஆகஸ்டில் கேட்டால் "காலேஜ்ல சிஸ்டம் அப்டேட்". வகுப்பு ஆரம்பிக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரு மாணவர் எண் அனுப்பினார். உள்ளே போய்ப் பார்த்தால் அனாடமி லேப் எல்லாம் நிரம்பி, காத்திருப்புப் பட்டியலும் நிரம்பியிருந்தது. சேர்த்திருந்த காலேஜும் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், காலை நெரிசலில் பாலம் தாண்டிப் போக வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் ஓலோனி காலேஜ் இருக்கிறதே என்று கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார். ஒன்று இல்லை. ஃபுட்ஹில், டி ஆன்சா என்ற காலேஜ்கள் இரண்டும் குவார்ட்டர் முறை (வருடத்தைச் சின்னச் சின்னப் பருவங்களாகப் பிரிப்பது), ஓலோனி செமஸ்டர் முறை (இரண்டு நீளமான பருவங்கள்). அனாடமி மாதிரித் தொடர் பாடங்களை ஒரு இடத்தில் ஆரம்பித்துப் பாதியில் இன்னொரு இடத்துக்கு மாறினால் கணக்கு சரியாகச் சேராது.

அப்புறம் கட்டண ரசீது வந்தது, வெளி மாநிலக் கட்டணத்தில். நேற்று நேராகக் காலேஜ் அலுவலகத்துக்கே போனேன். கவுன்டரில் இருந்த அம்மா என் விண்ணப்பத்தைத் திரையில் திருப்பிக் காட்டினார். நான் கலிபோர்னியாவில் இரண்டு வருடமாகக் குடியிருப்பதாக அதில் இருந்தது! என் பெயரில், நான் பார்க்காமல், பொய். அந்த விண்ணப்பத்தில் சொல்வதெல்லாம் உண்மை என்று சட்டப்படி உறுதிமொழி கொடுக்க வேண்டும், அதையும் அவரே கொடுத்திருக்கிறார். விசாவில் இருக்கிறவளுக்கு இது எவ்வளவு பெரிய பயம் என்று யோசியுங்கள். எனக்குக் கை கால் உதறிவிட்டது. நல்லவேளை, அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுத் திருத்துவதற்குப் படிவம் கொடுத்தார்.

அவர் சொல்லித்தான் எனக்கு மீதி தெரிந்தது. கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் விண்ணப்பம் இலவசம். பதினெட்டு வயது ஆனவர்கள் யார் வேண்டுமானாலும் சேரலாம், தனித்தனி வகுப்புகள் நிரம்பலாமே தவிர, காலேஜில் சேர உறுதி செய்ய சீட் என்று ஒன்று கிடையவே கிடையாது. எல்லோருக்கும் திறந்திருக்கிற கதவுக்கு என்னிடம் 1,450 டாலர் வாங்கியிருக்கிறார். செமஸ்டர் முறைக் காலேஜில் மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான். ஐந்து யூனிட் பாடம் 230 டாலர். இங்கே ஒரு வருடம் குடியிருந்தால்தான் அந்தக் கட்டணம், அதுவரை பொறுத்திருந்தால் அந்த 1,450 டாலரில் ஆறு பாடம் படித்து முடித்திருப்பேன்.

வெளியே வந்ததும் போன் போட்டேன். முதலில் "உன் விசாவாலதான் பிரச்சினை" என்றார். ஹெச்-4இல் இருப்பவர்களும் ஒரு வருடம் குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம் பெறலாம் என்று இப்போதுதான் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். "டீம்ல பேசிக்கோங்க" என்றார், தங்கச்சி போய் ‘ங்க’ வந்துவிட்டது. டீம் நம்பரை எடுத்ததும் அவர் குரல்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டால் "சேவை முடிந்தது, ரீஃபண்ட் இல்லை" என்று ஒரு மெசேஜ், அப்புறம் பிளாக். வங்கியில் கேட்டால், நீங்களே சம்மதித்து அனுப்பிய பணம், திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. இது மட்டும். விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள், யாருக்கும் பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள். குடிவந்த உடனே டிரைவிங் லைசென்ஸை மாற்றுங்கள், வீட்டு ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும், அந்த ஒரு வருடத்துக்கு அவைதான் சாட்சி. "லைசென்ஸ் இப்ப மாத்த வேண்டாம்" என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன். நாலு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறப் போகிறவர்கள் அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று பாருங்கள். நர்சிங் என்றால் ஒவ்வொரு காலேஜும் கேட்கும் முன்பாடங்கள் வேறு, அந்தந்தக் காலேஜ் கவுன்சிலரிடமே கேளுங்கள், அதற்குப் பணம் கிடையாது.

இன்று காலை வேறொரு குழுவில் அதே விளம்பரம் வந்திருக்கிறது, ஜனவரி செமஸ்டருக்கு சீட் குறைவாக இருக்கிறது, சீக்கிரம் பணம் கட்டுங்கள் என்று. அதன் கீழே மூன்று பெண்கள் விவரம் கேட்டிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறேன், இன்னும் யாரும் பார்க்கவில்லை.