பத்மினி கார்புரேட்டரோடு பல வருஷம்: ஒரு சின்ன ஜெட் படுத்தும் பாடு

பிரீமியர் பத்மினிக்கு அறிமுகம் தேவையில்லை. 1089 சிசி என்ஜின், ஸ்டீயரிங் பக்கத்தில் கியர், ஃபியட் 1100 வழி வந்த வண்டி, 2000-வாக்கில் தயாரிப்பு நின்றது. எங்களுடையது அப்பச்சி (அப்பா) வாங்கியது. அவருக்குப் பிறகு நான்தான் ஓட்டுகிறேன். காரைக்குடியையும் சுற்றுப்பட்ட ஊர்களையும் விட்டு அது அதிகம் வெளியே போனதில்லை. சமீபத்தில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரை முழுசாகக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்ன உதிரிகள் அடங்கிய கிட்டை மாற்ற வேண்டி வந்தது. அந்த நேரம் பார்த்து சென்னையில் இருக்கும் பங்காளி மகன் போன் செய்து, "சித்தப்பா, ஊர்ல கொட்டகையில நிக்கிற எங்க ஃபியட்டை எடுத்து ஓட்டலாமா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் விரித்து எழுதுகிறேன். பிரேக், பாடி, சீட்டு எதையும் தொடப் போவதில்லை. கார்புரேட்டர் மட்டும்.

செட்டிநாட்டில் கார்புரேட்டர் ஓடித் தேய்வது குறைவு, சும்மா நின்று கெடுவதுதான் அதிகம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகள் எத்தனை! அந்த வீட்டுக் கார்களும் அப்படித்தான், துணி போர்த்திக்கொண்டு கொட்டகையில் நிற்கும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் சின்னத் தொட்டியான ப்ளோட் சேம்பரில் தங்கிய பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிடும். ஆவியாகாத மிச்சம் பிசினாகப் படியும். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளை உள்ள சின்னப் பித்தளைத் துண்டு. மெயின் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதால் அது ஓரளவு தாங்கும். மாட்டிக்கொள்வது, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும் ஐடிலுக்குப் பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட். பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 50 என்று இருந்தால் துளை அரை மில்லிமீட்டர். அதில் ஒரு துளி பிசின் உட்கார்ந்தால் ஐடில் போய்விடும்.

அறிகுறி எப்போதும் ஒன்றுதான். குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும் சோக்கை இழுத்தால் ஸ்டார்ட் ஆகும். சோக்கை உள்ளே தள்ளியதும் துடிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் நன்றாக ஓடும், காலை எடுத்தால் ஆஃப் ஆகிவிடும். ரோட்டில் அறுபதில் போகும்போது எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் அப்போது வேலை செய்வது மெயின் ஜெட். நாதஸ்வரம் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் சீவாளி சரியில்லை என்றால் வாசிக்க முடியாதே, அந்த மாதிரிதான் இந்த ஜெட்டும்.

எனக்குக் கோபம் வருவது இதற்கப்புறம் நடப்பதில்தான். ஐடில் நிற்கவில்லை என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டால், பட்டறையில் முதலில் கை போவது ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவுக்கு. ஒரு திருகு திருகி வேகத்தை ஏற்றிவிடுவார்கள். என்ஜின் நிற்காமல் ஓடும். "சரியாப் போச்சுண்ணே" என்று சாவியைக் கொடுப்பார்கள். எதுவும் சரியாகவில்லை. அந்த ஸ்க்ரூ, காற்று போகும் வழியை மூடித் திறக்கும் த்ராட்டில் பிளேட்டைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். பிளேட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பைபாஸ் துளை உண்டு. ஐடிலிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் நொடியில் பெட்ரோல் கொடுப்பது அதன் வேலை. பிளேட் அதிகம் திறந்துவிட்டால் அந்தத் துளை ஐடிலிலேயே வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அப்புறம் ஐடில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகினாலும் வெளியே திருகினாலும் என்ஜின் கண்டுகொள்ளாது. முதல் கியரில் கிளட்சை விடும்போது ஒரு இடறல் வரும். எங்கள் வண்டியில் இதே வேலையை வேறு வேறு பட்டறைகளில் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் வீட்டுக்கு வந்து அதைத் திருப்பி இறக்கியிருக்கிறேன்.

நியாயமாகச் சொன்னால் பையன்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவர்கள் தொழில் கற்றுக்கொண்டதே ஸ்கேனர் மாட்டிப் பார்க்கிற வண்டிகளில். கார்புரேட்டரை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. கல்லுக்கட்டிப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர், பானெட்டைத் திறக்காமல் சைலன்சர் பக்கம் நின்று கேட்டே, மூன்றாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது, கார்புரேட்டரைத் தொடாதீர்கள் என்பார். ஐடில் துடித்தால் அதற்குக் கார்புரேட்டர்தான் காரணம் என்று எடுத்தவுடன் முடிவு கட்டக்கூடாது என்பதை அவரிடம்தான் கற்றேன். வால்வுகளின் டேப்பட் இடைவெளி, தீப்பொறி சம்பந்தப்பட்ட பிளக், பாயிண்ட், கண்டன்சர், டைமிங், இத்தனையும் பார்த்த பிறகுதான் கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றினால் பாயிண்டில் இருக்கும் குறையை மிக்சர் ஸ்க்ரூவால் மூடி மறைக்கத்தான் முடியும்.

கார்புரேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் பேக்கிங்கில் காற்று இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் த்ராட்டில் பிளேட்டைத் தாங்கும் ஷாஃப்ட் தேய்ந்து, அந்த இடுக்கு வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். அது இருக்கும் வரை எந்த ட்யூனிங்கும் நிலைக்காது. ஆட்டம் போக உள்ளே புஷ் என்கிற உலோக வளையம் போட வேண்டும், அதற்கு லேத் வேலை தெரிந்தவர் வேண்டும். காரைக்குடியில் இன்னும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அது நம் அதிர்ஷ்டம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ட்யூனிங் அரைமணி நேர வேலை. மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, உட்கார்ந்ததும் நிறுத்த வேண்டும். அழுத்தினால் அதன் ஊசி முனையில் வளையமாகத் தடம் விழுந்துவிடும், அப்புறம் அந்த ஸ்க்ரூ உதவாது. அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. ஸ்டார்ட் செய்து, ஒரு சுற்று ஓட்டி வந்து, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சோக் முழுக்க உள்ளே இருக்க, ஆஃப் ஆகாத அளவுக்கு ஸ்லோ ஸ்பீடைக் குறைக்க வேண்டும். பிறகு மிக்சரைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிக் காது கொடுத்தால், ஓரிடத்தில் வேகம் தானாக ஏறும். அதைத் தாண்டி வெளியே போனால் சத்தம் கனத்து, புகையில் பெட்ரோல் வாடை வரும். உள்ளே போனால் என்ஜின் நடுங்கும். ஏறிய இடத்தில் விட்டுவிட்டு, கூடின வேகத்தை ஸ்லோ ஸ்பீடில் இறக்கி, மறுபடி மிக்சருக்கு வர வேண்டும். ஒரு திருப்புளி, காது, பொறுமை இருந்தால் போதும். பள்ளிக்கூடத்துப் பையனுக்குக்கூடச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஜெட்டை மட்டும் கம்பியால் குத்தக்கூடாது. பித்தளை மென்மையானது. ஸ்டீல் கம்பி போய் வந்தால் துளை பெரிதாகும், எண் ஒன்று, அளவு வேறு என்று ஆகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறப்போட்டு ஏர் அடித்தால் பிசின் போய்விடும். இதை எத்தனை பேரிடம் சொல்லியும் கம்பியோடுதான் வருகிறார்கள்.

இப்போது எத்தனால் விஷயம். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வர ஆரம்பித்ததிலிருந்து இந்தத் தொல்லை இரட்டிப்பாகிவிட்டது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று போதும் என்பது கணக்கு. எத்தனாலுக்கு 9 கிலோதான். ஆகவே 20 சதவீதக் கலவைக்குக் கிட்டத்தட்ட பதின்மூன்றரை. அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். புதிய வண்டிகளில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துக் கூட்டிக்கொள்ளும். பத்மினியின் ஜெட்டுக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு வைத்த துளை அப்படியே இருக்கிறது, வண்டி லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்த கலவையில், ஓடுகிறது. எத்தனாலில் சக்தியும் பெட்ரோலைவிட லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் இறங்கியதை நானே பார்க்கிறேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, நின்ற வண்டிக்கு அது செய்யும் கேடு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓரளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இந்த முறை ப்ளோட் சேம்பரைத் திறந்தபோது அடியில் மாவு மாதிரி வெள்ளைப் பொடி. இங்கே சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். 1948-இல் அடிக்கல் நாட்டிய, உலோக அரிப்பையும் ஆராய்கிற நிறுவனம் இருக்கிற ஊரில், அவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது? பொடியைப் பார்த்ததுமே, கார்புரேட்டர் பாடியில் இருக்கும் துத்தநாகக் கலவை அரிக்கிறது என்று சொல்லிவிட்டார். மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோல் தள்ளும் பிக்கப் பம்பின் டயாப்ரம் விறைத்துப் போயிருந்தது. ப்ளோட் சேம்பருக்குள் வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் நீடில் வால்வின் முனை உப்பியிருந்தது. பழைய ரப்பர் எதுவும் இந்தப் பெட்ரோலுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. முன்பெல்லாம் ஒரு கிட் போட்டால் அதை மறந்தே போகலாம். பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு எத்தனால் கலக்காத பெட்ரோல் ஊருக்கு ஒரு பெட்ரோல் பங்க்கிலாவது, கூடுதல் விலைக்காவது கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இதில் என்ன பெரிய தப்பு?

புகைப் பரிசோதனையையும் சொல்லிவிடுகிறேன். இந்த வயசு வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை இருக்கலாம். நன்றாக ட்யூன் ஆன வண்டி அதற்குள் அடங்கிவிடும். சிலர் பரிசோதனைக்கு முன்னால் மிக்சரை இறுக்கிவிட்டு, அப்படியே திருப்பி அனுப்புகிறார்கள். ஏற்கெனவே லீனாக ஓடுகிற வண்டியை இன்னும் லீனாக்கினால் சூடு ஏறும், மிதிக்கும்போது கார்புரேட்டர் வழியாகப் படார் என்று வெடிக்கும்.

இவ்வளவு குறை சொன்னாலும், ட்யூனிங் அமைந்துவிட்டால் இந்த வண்டி தரும் சந்தோஷத்துக்கு ஈடு எனக்குத் தெரிந்து வேறில்லை. விநாயகர் சதுர்த்திக் கூட்டத்தில் பிள்ளையார்பட்டியில் கார் அங்குலம் அங்குலமாக நகரும். உச்சி வெயில். அந்த நேரத்தில் ஐடில் அசையாமல், கியர் கம்பியில் நடுக்கம் இல்லாமல் நிற்கும். கூட்டம் கலைந்து திருப்பத்தூர் ரோட்டில் ஏறியதும் இரண்டாவது கியரில் மெதுவாக மிதித்தால், மிதித்த அளவுக்கு மட்டும் வேகம் எடுக்கும். காலுக்கும் என்ஜினுக்கும் நடுவில் ஒரு கேபிளோ கம்பியோதான், வேறு எதுவும் குறுக்கே நின்று முடிவு செய்வதில்லை. வீட்டில் புது கார் ஒன்றும் இருக்கிறது. அதில் ஏசி உண்டு, எல்லாம் உண்டு, காலை வைத்தால் எப்போதும் ஓடும். அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு பக்கம்கூடத் தேறாது.

ஆனாலும் பங்காளி மகனுக்கு நான் சொன்ன பதில், வேண்டாம். சென்னையில் இருந்துகொண்டு எப்போதாவது வந்து எடுக்கிறவனுக்கு இது ஏற்ற வண்டி இல்லை. வாரம் ஒரு தடவையாவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். ஊரில் அதைச் செய்ய ஆள் இல்லை என்றால் கொட்டகையிலேயே நிற்கட்டும், அல்லது ஓட்டுகிறவர் யாருக்காவது கொடுத்துவிடலாம். அவன் அப்பாவிடமும் இதையே சொன்னேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அவன் கேட்கிற மாதிரி தெரியவில்லை. சரி, எடுப்பதாக இருந்தால் முதலில் பேட்டரியை மாட்டி செல்ஃப் அடிக்காதே, தம்பி. டேங்கைக் கழற்றிப் பழைய பெட்ரோலைக் கொட்டிக் கழுவு. ட்யூபை எல்லாம் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்று. சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் கிட் வாங்கும்போது நீடில் வால்வின் முனை எத்தனால் தாங்கும் வைட்டான் ரப்பரா என்று கேட்டு வாங்கு, விலை பார்க்காதே. பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு சின்ன பித்தளை டேப் போட்டுக்கொள். சென்னைக்குத் திரும்பக் கிளம்புவதற்கு முந்தின நாள் அதை மூடிவிட்டு, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் ப்ளோட் சேம்பர் காய்ந்துவிடும். டேங்கிலும் பெட்ரோலை விட்டுவைக்காதே. ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை யாரையும் தொடவிடாதே. பொங்கலுக்கு வரும்போது கிட்டோடு வந்தால் நானே உட்கார்ந்து மாட்டித் தருகிறேன்.