முழங்கால் முறிவு அறுவை சிகிச்சை: பாளையங்கோட்டை தனியார் மருத்துவமனை ஒன்றில் பெற்ற கவனிப்பு

கல்லிடைக்குறிச்சி படித்துறையில் வழுக்கி விழுந்ததில், எழுபதைக் கடந்த என் தாயாருக்கு முழங்காலுக்குக் கீழே மூட்டைத் தாங்கும் எலும்பின் மேல்முனை உடைந்து உள்ளே அமுங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் நாங்கள் சேர்த்த மருத்துவமனையின் மருத்துவர் அவசரப்படாதது எனக்குப் பிடித்திருந்தது. வீக்கத்தோடு கீறினால் தோல் ஆறாமல் சீழ் பிடிக்கக்கூடும் என்பதால், வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் தெரியும் வரை காத்திருந்தார். சி.டி. ஸ்கேன் படத்தைத் திரையில் சுழற்றிக் காட்டி, அமுங்கிய பகுதியை நெம்பித் தூக்கி, அடியில் உண்டாகும் பள்ளத்தை எலும்புத் துண்டுகளால் நிரப்பி, லாக்கிங் பிளேட் என்ற உலோகத் தகட்டைப் பொருத்தப்போவதாக விளக்கினார். வயதானவர்களின் பொக்கான எலும்பில் சாதாரண திருகு பிடிமானம் இழந்துவிடும். இவ்வகைத் தகட்டில் திருகின் தலை தகட்டோடு பூட்டிக்கொள்வதால் அந்த அச்சம் குறைவு.

செவிலியர்கள் ரத்தம் உறையாமலிருக்கும் ஊசியை நேரம் தவறாமல் போட்டார்கள். முட்டியை மடக்கும் பயிற்சி மறுநாளே தொடங்கியது. அம்மா வைத வசவை இங்கே எழுத முடியாது.

குறை என்றால் காப்பீட்டுப் பிரிவுதான்: எந்தத் தாள் வேண்டும் என்பதை ஒரே தடவையில் சொல்லாமல் அலைக்கழித்தார்கள். அதைவிடப் பெரிய குறை, எலும்பு அடர்த்திப் பரிசோதனையை நாங்களே கேட்கும்வரை யாரும் பேச்செடுக்காதது. சும்மா வழுக்கியதற்கே எலும்பு நொறுங்கிய முதியவருக்கு அதை அவர்களே எழுதித் தந்திருக்க வேண்டும்.

மாதக்கணக்கில் அந்தக் காலை ஊன்றக் கூடாது என்பதால், சேர்ப்பதற்கு முன்பே வாக்கருக்கும் உயரமான கழிப்பறை நாற்காலிக்கும் சொல்லி வையுங்கள்.