ஆயில் குடிக்கும் மாடல் டி: ஓட்டையா, ஸ்பிரிங்கா, புது ரிங்கா?

வண்டியின் பின்னால் நீலப் புகை வந்தால், அதாவது ஆயில் எரிந்தால், "ரிங் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி உட்கார்ந்து, சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலை வழிக்கும் வளையம். பாதிதான் சரி. பழைய இன்ஜின்களில் புது ரிங் போட்ட பிறகும் புகை நிற்காமல் போவதுண்டு. வழித்த ஆயில் திரும்பிப் போக வழி இல்லாததே காரணம்.

1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி இதற்கு நல்ல உதாரணம். அதில் ஆயில் பம்பே கிடையாது. இன்ஜினின் பின்பக்கம் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் அள்ளி வீசும் ஆயிலில் கொஞ்சம் ஒரு குழாய் வழியாக முன்பக்கம் போகும். திரும்பி வரும் வழியில் பிஸ்டன்களோடு இணைந்த கனெக்டிங் ராடுகளுக்குக் கீழே இருக்கும் பள்ளங்களில் தேங்கும். ராடுகள் அதில் முங்கித் தெறிப்பதால் சிலிண்டர் சுவர் எப்போதும் நனைந்தே இருக்கும். வார்ப்பிரும்பு பிஸ்டனில் மூன்று ரிங்: பிஸ்டனை ராடோடு இணைக்கும் ஊசிக்கு (பின்) மேலே இரண்டு, கீழே ஒன்று. பிஸ்டன் இறங்கும்போது ரிங்குக்கு முன்னால் ஆயில் குவிந்து, ரிங்கையே உள்ளே தள்ளிவிட்டு மேலே ஏறிவிடும்.

செலவு குறைந்த வழி ஓட்டை போடுவது. கீழ் ரிங் உட்காரும் பள்ளத்தின் அடி விளிம்பைச் சுற்றிலும் லேத்தில் சாய்வாகச் சீவி, அந்தச் சாய்விலிருந்து பிஸ்டனின் உள்பக்கத்துக்கு 3 மி.மீ. அளவில் வரிசையாக ஓட்டை போட வேண்டும். வழித்த ஆயில் அதில் இறங்கி, இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் விழும். ஓட்டை வாயில் பிசிறு நிற்கக் கூடாது. நான்கு பிஸ்டனிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடை மாறும். இதோடு அடி விளிம்பில் படி வெட்டிய ஸ்கிரேப்பர் ரிங் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஆனால் படி கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் ஆயிலை மேலே ஏற்றும் பம்ப்தான் அது!

ஸ்லாட் (நீள் துளை) வெட்டிய ஆயில் ரிங் ஒரு படி மேல். இரண்டு மெல்லிய விளிம்புகள் வழிக்கின்றன, நடுவில் உள்ள ஸ்லாட் ஆயிலை உள்ளே விடுகிறது. ஆனால் ரிங்குக்குப் பின்னால் பள்ளத்திலேயே ஓட்டை இல்லையென்றால் ஸ்லாட்டால் பயனில்லை. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ரிங்குக்குப் பின்னால் ஸ்பிரிங் பட்டை வைக்கும் எக்ஸ்பாண்டர் முறை, போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்த இன்ஜினை ரீபோர் செய்யாமல், அதாவது துளையைப் பெரிதாகக் கடையாமல், ஓட்டுவதற்கு. தேய்மானம் சிலிண்டரின் மேல்பகுதியில் அதிகம், அடியில் குறைவு. இந்தச் சரிவைச் சாதாரண ரிங் சரியாகத் தொடராது, ஸ்பிரிங் உள்ளது தொடரும். புகை குறையும், உராய்வும் தேய்மானமும் கூடும். விற்பதற்கு முந்தின வாரம் செய்யும் வேலை என்றுதான் எனக்குத் தோன்றும்.

இரண்டு மெல்லிய எஃகு வளையமும் நடுவில் ஸ்பிரிங்கும் கொண்ட இன்றைய மூன்று துண்டு ரிங் எல்லாவற்றையும் விட நன்றாக வழிக்கும். பள்ளத்தின் மேல், கீழ்ச் சுவர்களிலும் அது ஒட்டி நிற்பதால், திராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) விட்டு இறக்கத்தில் வரும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை உறிஞ்சுவது குறையும். ஆனால் பள்ளத்தின் அகலமும் ஆழமும் அச்சாகப் பொருந்த வேண்டும், போர் வட்டமாக இருக்க வேண்டும், ஹோனிங் கோடுகள் (சாணைக்கல்லால் போர்ச் சுவரில் போடும் குறுக்குக் கீறல்கள்) புதிதாக இருக்க வேண்டும். தேய்ந்து பளபளக்கும் போரில் இதைப் போடுவது காசைக் கரியாக்குவது.

அலுமினிய பிஸ்டனுக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூட்டில் அது வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், குளிர்ந்த நிலையில் கூடுதல் இடைவெளி விட வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் ஏறும் ஆயிலையும் ரிங்தான் தடுக்க வேண்டும்.

ஆயில் அளவைக் குறைத்துப் புகையை அடக்குவதை நான் ஒரு வழியாகவே எண்ண மாட்டேன். மேட்டில் ஏறும்போது ஆயில் பின்பக்கம் ஓடிவிடும், முன் சிலிண்டரின் ராடு காய்ந்துபோகும்.

என் கையில் 3¾ அங்குல போர் உள்ள மாடல் டி, பழைய பிஸ்டனுடன் வந்தால், முதலில் போரை மேலும் கீழும் அளப்பேன். சரிவு பெரிதாக இல்லையென்றால் ஓட்டையும் ஸ்கிரேப்பர் ரிங்கும் போதும். ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளி, போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அங்குலத்தின் ஆயிரத்தில் 3 முதல் 4 பங்கு, அதாவது மொத்தம் ஆயிரத்தில் 11 முதல் 15 பங்கு. சரிவு அதிகமென்றால் ரீபோரும் மூன்று துண்டு ரிங்கும்தான். எதைச் செய்தாலும், கிராங்க் கேஸில் மேலும் கீழுமாக உள்ள ஆயில் அளவு பார்க்கும் இரண்டு திருகு குழாய்களுக்கு நடுவே ஆயில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுப்பேன்.