விருப்பு வாக்கா, வட்டாரமா?

டிவி விவாதங்களில் எல்லாக் கட்சியையும் பிரித்து மேயும் மட்டக்களப்பு நண்பர் ஒருவருக்குத் தேர்தல் ஆசை வந்துவிட்டது. பாராளுமன்றமா, மாநகர சபையா என்பதுதான் கேள்வி.

பாராளுமன்றம் என்றால் மாவட்டம் முழுவதும் ஒரே களம். கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்ற மூன்று தொகுதிகளுக்கும் சேர்த்து 5 ஆசனங்கள். வாக்காளர் கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு, அப்புறம் அதே பட்டியலில் 3 பேர் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். ஆக, மற்றக் கட்சிக்காரரை விடப் பக்கத்தில் நின்று மாலை வாங்குகிறவர்தான் பெரிய போட்டியாளர். இங்கே தெரிந்த முகம் கை கொடுக்கும், சரி. ஆனால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் யானைத் தொல்லையையும் மேய்ச்சல் தரையையும் பற்றிக் கேட்டால், "சிறிய இடைவேளை" என்று தப்ப முடியாது.

மாநகர சபைக்கு 2018 தேர்தல் முதல் கலப்பு முறை: உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரம் எனப்படும் சிறு பகுதிகளிலிருந்து, 40 வீதம் கட்சி வாக்குகளின் விகிதாசாரப்படி. வட்டாரத்தில் டிவிப் புகழ் அவ்வளவாகச் செல்லாது. வடிகான் அடைத்தால் காலை 6 மணிக்கே படலையைத் தட்டி, "தம்பி, ஒருக்கா வந்து பாருங்க" என்பார்கள். இவருக்கோ 8 மணிக்கு முன் எழும்பிப் பழக்கமில்லை.

என்னைக் கேட்டால் வட்டாரம்தான்; தோற்றாலும் கடன் குறைவு. நண்பர் மாவட்ட வரைபடம் வாங்கிச் சுவரில் ஒட்டிவிட்டார்.