அண்ணாநகர் டெலிவரி ஓய்வறை: ஏசி அருமை, பேச்சுதான் இல்லை

சென்னை மாநகராட்சி 2025-இல் திறந்த இந்த ஏசி ஓய்வறைக்கு டெலிவரி வேலை பார்க்கும் எல்லோரும் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். எந்த கம்பெனி டீஷர்ட் என்று யாரும் கேட்பதில்லை. சுமார் 25 பேர் உட்காரலாம், போனுக்கு சார்ஜ் போடலாம், குடிதண்ணீர் இருக்கிறது, எல்லாவற்றையும் விட முக்கியமாக டாய்லெட் இருக்கிறது. பெட்ரோல் பங்க்கிலும் ஓட்டலிலும் கெஞ்சி நின்றவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அதன் அருமை தெரியும். மத்தியானம் இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

எனக்கு மனசு கனத்தது வேறு விஷயத்தில். ஒரு தம்பிக்கு அங்கேயே கம்பெனி ஆப்பில் ஐடி பிளாக் ஆனது, அதாவது இனி ஆர்டர் வராது, காரணம் கேட்க ஆள் கிடையாது, ஆப்பில் திரும்பத் திரும்ப ஒரே பதில்தான் வருகிறது. பக்கத்தில் இருந்தவர் "அது உங்க கம்பெனி பிரச்சினை" என்று போனைப் பார்க்கத் திரும்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே, தன் கம்பெனி கிலோமீட்டர் ரேட்டைக் குறைத்துவிட்டதாகப் புலம்புகிறார். இன்னொருவர், "நான் யார்கிட்டயும் வேலை பாக்கலண்ணே, சொந்தமா ஓட்டுறேன்" என்றார். பெட்ரோல், பைக் டியூ எல்லாம் அவர் கைக்காசு, ரேட்டை முடிவு செய்வது மட்டும் வேறு யாரோ.

இதே ஊரில்தான் 1918-இல் பி அண்டு சி (பக்கிங்காம் அண்டு கர்நாடிக்) துணி மில் தொழிலாளர்கள் திரள, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் கூட நிற்க, சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இங்கேதான். அந்த மில் தொழிலாளர்கள் ஒரே கேட்டில் நுழைந்து ஒரே கேட்டில் வெளியே வந்தவர்கள், பக்கத்து ஆளுக்கு என்ன கூலி என்று தெரிந்தவர்கள். நமக்கு கேட்டும் இல்லை, பக்கத்து ஆளின் ரேட்டும் தெரியாது. கட்சிகள் நம்மைச் சாதியாக எண்ணுகின்றன, வார்டாக எண்ணுகின்றன, பயனாளியாக எண்ணுகின்றன. 2023-இல் நம்மை மாதிரி ஆப் வழியாக வேலை பார்ப்பவர்களுக்கு நலவாரியம் வந்தது, 2025 தமிழக பட்ஜெட்டில் நம்மில் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆர்டருக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு தரவேண்டும் என்று ஓட்டு கேட்டு வருகிற யாரும் பேசுவதில்லை, நாமும் சேர்ந்து கேட்கவில்லை.

அதனால்தான் இந்த அறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. எல்லா கலர் டீஷர்ட்டும் ஒரே கூரைக்குக் கீழே உட்காருகிற இடம் நமக்கு வேறு எங்கே இருக்கிறது?

ஐந்துக்கு நான்கு ஸ்டார். மாநகராட்சிக்கு ஒரு கோரிக்கை: அறையை இன்னும் பெரிதாக்குங்கள், அப்புறம் சுவரில் ஒரு நோட்டீஸ் போர்டு மாட்டிக்கொடுங்கள். எந்த கம்பெனி கிலோமீட்டருக்கு எவ்வளவு தருகிறது என்று நாங்களே எழுதி வைத்துக்கொள்கிறோம்.